தனியாகச் செய்ய வேண்டிய பயிற்சி

'ஓர் அமைதியான அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக அமருங்கள்.' அந்தக் கையேட்டின் முதல் வாக்கியம் இது. படித்ததுமே அதைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு இருந்ததே ஓர் அறைதான். அதில் நான், அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். கதவு என்று ஒன்று இருந்தது. பகலில் அதைச் சாத்தினால் யாருக்கோ உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து தட்டுவாள். திறக்க நேரமானால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டுவாள்.

எழுதியவருக்கு என்மேல் விரோதம் எதுவும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். லிஃப்டில் ஏற உங்களுக்குப் பயமா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் லிஃப்டை யார் கண்டது? காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து பாருங்கள் என்றார். விருந்துகளில் அறிமுகமில்லாதவர்களோடு ஐந்து நிமிடம் உரையாடுங்கள் என்றார். எங்கள் தெருவில் அறிமுகமில்லாதவன் ஒருவன் வந்து நின்றால், அவனோடு உரையாடுவதற்கு நாலு பேர் ஏற்கெனவே போயிருப்பார்கள். எந்த ஊரிலோ எவருக்கோ எழுதியதை யாரோ அவசரமாகத் தமிழில் மாற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஆனால் என்னிடம் இருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

எனக்கு வந்த நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். பாரிமுனையில், துறைமுகச் சரக்குகளுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிற ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டும் வேலை எனக்கு. எங்கள் தெருவில் மீன்கூடை தூக்காமல் ஹேண்ட்பேக் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் பெண் நான். ஒருநாள் காலை ராயபுரம் தாண்டி, துறைமுக மதிலோரம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பஸ் மாட்டிக்கொண்டது. அது தினம் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை மரத்தது. மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினேன். கொஞ்ச தூரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

மறுநாள் பஸ் ஸ்டாப்பிலேயே வந்தது. அதற்கடுத்த நாள் செருப்பு மாட்டும்போதே வந்தது. அம்மா கூட வந்தால் மட்டும் வரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் ஊரையே சுற்றி வருவேன். அதற்காக, விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அம்மாவைத் தினமும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? வேலைக்குப் போவது நின்றது.

ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை எது என்று கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்பதைத்தான் சொல்வேன். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதா கோவிலிலிருந்து எண்ணெய் வந்தது, நெற்றியில் தடவினார்கள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அம்மா என்னை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீண்ட வரிசை. உள்ளே ஒரே ஒரு பெண் டாக்டர், தூக்கம் போதாத கண்களோடு.

நான் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். "உங்க ஹார்ட் நல்லா இருக்கு. வர்றது பயம்தான். ஆனா அது நெஜமான அவஸ்தை, எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். "இதுக்குப் பேசியே சரிபண்ற வைத்தியம் இருக்கு. வாரா வாரம் ஒரு மணி நேரம் உக்காந்து பண்ணணும். வெளிய வரிசையப் பாத்தீங்கல்ல? நான் எங்க போறது ஒரு மணி நேரத்துக்கு?" இழுப்பறையைத் திறந்து ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த கையேடு ஒன்றையும் ஒரு கேசட்டையும் எடுத்தார். "அந்த வைத்தியத்தையே படிச்சுப் பண்ற மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க படிச்ச பொண்ணு. நீங்களே உங்களுக்குப் பண்ணிக்கலாம்." அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

கையேட்டின் அட்டையில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நடத்தைக்கு எதற்குச் சிகிச்சை, பெண் என்ன செய்தாள் என்று தெருவில் இரண்டு நாள் பேச்சு. அண்ணி போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

கேசட்டின் கதை இன்னும் மோசம். உடம்பைத் தளர்த்தும் பயிற்சி அது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு குரல், 'இப்போது உங்கள் வலது கால் விரல்கள் கனமாகின்றன' என்று ஆரம்பிக்கும். அண்ணனுடைய டேப்ரெக்கார்டரில் ஒரு மத்தியானம் போட்டுவிட்டுப் பாயில் படுத்தேன். அண்ணி இந்தப் பக்கம் படுத்தாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் படுத்தன. பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் சாய்ந்துகொண்டாள். குரல் முழங்காலுக்கு வருவதற்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அண்ணியின் குறட்டையில், அடுத்து எனக்குக் கனமாக வேண்டிய உறுப்பு எது என்பதே காதில் விழவில்லை. மறுநாளிலிருந்து மத்தியானமானால் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக முந்தானையை விரித்துக்கொண்டு வந்து படுத்தார்கள். விடியலில் எழுந்து மீனோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் வைத்தியத்தில் தெருவுக்கே உடம்பு தேறியது. எனக்குத்தான் தேறவில்லை.

அடுத்து, நாலு கட்டம் போட்ட ஒரு பக்கம். என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள், அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. அந்தப் பக்கத்தை அண்ணி குழாயடியில் தண்ணீருக்காகக் காத்திருந்த நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டினாள். அண்ணிக்கு என்மேல் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் சத்தம் போட்டுத்தான் படிப்பார்கள்.

"பஸ்ல செத்துப்பூடுவேன்னு நெனப்பு வருதாம். அதுக்கு ஆதாரம் இன்னான்னு கேக்கறான்" என்றாள் அண்ணி.

"ஆதாரம் இல்லாம இன்னா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "ஐஸ் கம்பெனிக்காரன் மச்சான் இப்டித்தான் நெஞ்சப் புட்ச்சிகினு குந்துனான். அப்டியே போய்ட்டான்."

அண்ணி அதை ஆதாரக் கட்டத்தில் எழுதிவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் அந்தக் கட்டம் நிரம்பி, ஓரத்திலும் எழுதியிருந்தது. எதிர்க் கட்டம் காலி.

"அதுல இன்னாத்த எழுதறது?" என்று கேட்டாள் அண்ணி.

"நான் இன்னும் சாவலன்னு எழுது" என்று கத்தினேன்.

"அது இப்ப வரிக்கும்தானே பாப்பா" என்றாள் அக்கா, ரொம்ப அக்கறையாக.

இவ்வளவுக்கு நடுவிலும் அந்தக் கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் லிஃப்ட் இல்லை, கார் இல்லை. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஓடாமல் அங்கேயே இருந்தால் தானாக இறங்கும் என்று எழுதியிருந்தது. ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு முடிவுகட்டிவிடுமாம். துணையோடு போனால், துணைதான் காப்பாற்றியது என்று முடிவுகட்டுமாம். அதனால் சின்னச் சின்னப் படியாக, பயப்படும் இடத்துக்குத் தனியாகப் போங்கள், பயம் இறங்கும் வரைக்கும் திரும்பாதீர்கள். இது பொய்யில்லை என்று உடனே பட்டது. எனக்கு நடந்ததை எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

அவர் போட்ட படிகளை எல்லாம் அடித்துவிட்டு என் படிகளை எழுதினேன். முதலில் குழாயடி தாண்டித் தெருக்கோடி வரை. அப்புறம் மார்க்கெட். அப்புறம் பஸ்ஸில் டோல்கேட். அப்புறம் கல்மண்டபம். கடைசியில் பாரிமுனை. அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்டியாவா போவே?" என்றாள்.

"ஒண்டியாத்தான். யாரும் கூட வரக் கூடாது. வந்தா வைத்தியம் பலிக்காது."

"சரி, போ."

அவ்வளவு சுருக்காகச் சரி என்று சொன்ன அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

படிகள் ஒவ்வொன்றாகக் கைகூடின. தெருக்கோடி, மார்க்கெட், அதன்பின் டோல்கேட். பயம் வந்தது, ஆனால் எப்படியோ பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கே ஆச்சரியம். கல்மண்டபம் வரைக்கும் போய்ச் சேர்ந்த அன்று, கையேடு எழுதிய புண்ணியவானை மனசுக்குள் மன்னித்துவிட்டேன். திரும்பும் வழியில் டோல்கேட்டில் இறங்கி, கெத்தாக ஒரு டீ குடிக்கலாம் என்று ஸ்டாப்புக்கு எதிரில் இருந்த கடைக்குப் போனேன்.

"இன்னாமா, இன்னிக்கு நீயே வந்துட்ட?" என்றார் டீக்கடைக்காரர். "உங்க அம்மா இப்பதான் அந்தத் தூண் பின்னால குந்திகினு டீ குட்ச்சிட்டுப் போச்சு. நீ பஸ் ஏறுனா அதுவும் ஆட்டோல ஏறிடுதே, அது இன்னா கணக்கு?"

டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணியைப் பிடித்து உலுக்கியதில் எல்லாம் வெளியே வந்தது. தெருக்கோடிக்குப் போனபோது பின்னால் வந்தது அண்ணி. மார்க்கெட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. டோல்கேட்டுக்கும் கல்மண்டபத்துக்கும் அம்மா. நான் வெற்றி என்று நினைத்தது ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் இருந்திருக்கிறது. தூரத்தில் ஒரு தெரிந்த முந்தானை என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது யார் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் என் பயத்துக்குத் தெரிந்திருக்கிறது போல.

"எங்க மேல கோச்சுக்காத பாப்பா. நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி.

தெரியும். எங்கள் குப்பத்தில் கடலில் ஒருமுறை பயந்து வந்தவனை, அடுத்த தடவை தனியாக அனுப்ப மாட்டார்கள். படகில் அவன் வீட்டு ஆள் ஒருவர் ஏறுவார். வலை பார்க்க வந்தேன், கரையில் வேலை இல்லை, ஏதாவது ஒரு சாக்கு. உனக்காக வருகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அவனுக்கு அவமானம். பயம் தெளிகிற வரைக்கும் இப்படியே நடக்கும், அவனும் தெரியாதது போலவே இருப்பான். அது கடலுக்கு நல்ல வழக்கமாக இருக்கலாம். என் வைத்தியத்துக்கு அது விஷம். கையேட்டின் ஒரே உருப்படியான பக்கத்தை இவர்கள் எல்லோரும் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், தலைகீழாகச் செய்து முடித்திருக்கிறார்கள். இதற்கு யாரைப் பிடித்துக் கத்துவது?

அதற்குள் அலுவலகத்திலிருந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. இந்தச் சனிக்கிழமை வந்து சேராவிட்டால் திங்கட்கிழமை வேறு பெண்ணை எடுத்துவிடுவார்கள். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கலாம். ஆனால் இந்தத் தடவை வீட்டோடு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெருவில் அப்படி ஒரு சித்தி இருந்தாள். வாசலைத் தாண்டி வெளியே வந்து பல வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் அவளை அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், வெட்கக்கேடு, அம்மாவோடுதான். நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டு டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நீங்க பாசத்துலதான் பண்றீங்க. ஆனா நீங்க கூட இருக்கிற வரைக்கும் அவ பயம் போகாது."

அம்மா எழுந்துகொண்டாள். வெளியே வந்து வரிசையைத் தாண்டியதும், "பெத்தவ கூட இருந்தா பயம் போவாதாமே. இன்னா டாக்டரு இது, பேஜாரா பேசுது" என்றாள். அப்புறம் வழி நெடுக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கடலைப் பார்த்து நிறுத்தி, பின்னால் வர மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். செய்துகொடுத்தாள். கடல்மேல் செய்கிற சத்தியத்தை எங்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை.

சனிக்கிழமை காலை தனியாக ஸ்டாப்புக்கு நடந்தேன். சுற்றும்முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. பஸ் வந்தது. முன்பக்கமாக ஏறிப் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். தண்டையார்பேட்டை தாண்டிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார். காசை நீட்டினேன்.

"ஒனக்கு எடுத்தாச்சும்மா" என்றார்.

"யாரு எடுத்தது?"

"பின்னால ஒரு அம்மா. பாரிமுனைக்கு ரெண்டு. தோ, அந்தப் பச்சக் கலரு ஜாக்கெட்டு, முன்னால ஜன்னலாண்ட குந்திகினு கீதே, அதுக்கும் சேத்துன்னு கைகாட்டுச்சு."

எழுந்து திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில், ஆண்களுக்கு நடுவில், முந்தானையைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா. கூடை இல்லை. அன்றைக்கு ஏலத்துக்கே போகவில்லை. முந்தின ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் அங்கேயே ஏறியிருக்கிறாள். சத்தியத்தை மீறி ஒளிந்துகொண்டு வந்தவள், அத்தோடு சும்மா இருக்கக் கூடாதா? என் டிக்கெட்டுக்கு நான் காசு கொடுப்பதைக் கூடப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

நான் கத்தினேன். பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "சத்தியம் பண்ணியே, இன்னாத்துக்கு வந்தே? என்னைச் சாவற வரிக்கும் கையப் புட்ச்சிகினே இஸ்துகினு போவியா? எறங்கு. நீ எறங்கலன்னா நான் எறங்கிப்பூடுவேன். அப்பால வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல, வூட்லயே கெடக்கறேன், நல்லாப் பாத்துக்கோ."

"பெத்த தாயப் பாத்து இன்னா பேச்சு பேசுது பாரு" என்றார் ஒருவர். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று கத்தியதற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அதைவிட மெதுவாகச் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

கல்மண்டபம் வந்தது. அம்மா எழுந்தாள். பின் படியில் இறங்குவதற்கு முன் என் பக்கம் பார்த்து, "தண்ணி எட்த்துகினு வந்தியா?" என்றாள். இறங்கினாள். பஸ் கிளம்பியது.

ராயபுரம் தாண்டி மதிலோரம் திரும்பியதும், வேறென்ன, லாரிகள். பஸ் நின்றது. அது வந்தது. இத்தனை நாள் பாதியில் நின்ற பயம் இல்லை, முழுசாக வந்தது. விரல் மரத்தது, கண் இருண்டது, வியர்வையில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. கதவு பக்கத்தில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் தெரு. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும், இதுதானே சொன்னாய், பார்க்கிறேன், நான் செத்தால் உன்னைத்தான் கேட்பேன் என்று அந்தக் கையேட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு நேரே நின்ற லாரியில் டிரைவர், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு ஷேவ் செய்துகொண்டிருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. நான் அவரையே பார்த்தேன். அவர் ஒரு கன்னத்தை முடிக்கும்வரைக்கும் நான் செத்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த கன்னத்தில் நுரை தடவும்போது மூச்சு ஒருமுறை முழுசாக உள்ளே போனது. மீசை ஓரத்தை அவர் சரிபார்க்கும்போது எனக்குப் பசித்தது.

கையேட்டுக்காரன் சொன்னது சரிதான். தனி அறையையும் கதவையும் காரையும் லிஃப்டையும் வைத்துக்கொண்டு என் உயிரை எடுத்தவன், இந்த ஒன்றை மட்டும் அச்சு அசலாகச் சொல்லியிருக்கிறான். அது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் நுழைந்தேன். உயிர் போய் உயிர் வந்தவளை மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஷிப்பிங் பில்லெல்லாம் குவிஞ்சு கெடக்கு, சீக்கிரம் பாரும்மா" என்றார். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். சனிக்கிழமை அரைநாள்தான். மத்தியானம் எல்லோரும் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன்.

திரும்பும்போது பஸ் பாதி காலி. அதே பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மதிலோரத்தில் கொஞ்சமாக வந்தது, வந்துவிட்டுப் போயிற்று. கல்மண்டபம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. வெளியே பார்த்தேன்.

அம்மா நின்றிருந்தாள். காலையில் இறங்கிய பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து, திரும்பிப் போகிற பஸ்கள் நிற்கும் பக்கத்தில், நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். காசிமேடு கூப்பிடு தூரம்தான். அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம், தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முகம் கறுத்துப் போயிருந்தது. வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும், கரைக்கு வருகிற படகில் தலைகளைத் தேடுவது போல, ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். என் ஜன்னலுக்கு வந்ததும் அவள் கண் நின்றது.

நான் கையைக் காட்டவில்லை. அவளும் காட்டவில்லை. முன்படி அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

"ஏறும்மா, எடம் கீது" என்றார் கண்டக்டர்.

அம்மா படியைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போ என்று கண்டக்டருக்குத் தலையை ஆட்டினாள். விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் இறங்கிவிடுவேன். தண்டையார்பேட்டை வரைக்கும் அழுதேன். பயத்தில் இல்லை. இப்படி ஒரு பொம்பளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கோபத்தில் அழுதேன்.

நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மாவும் வந்து சேர்ந்தாள். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீ வந்த பஸ்ல ஒரே கூட்டமா இருந்துச்சு. அதான் ஏறல" என்றாள்.

"ஆமாம்மா, கூட்டம்தான்" என்றேன். கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் என் பக்கத்து சீட் காலியாகத்தான் வந்தது.